நீலப் பட்டையும் மஞ்சள் பட்டையும்

நீச்சல் குளத்தில் தெரிந்த தலையைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அந்த இரட்டைச் சுழி... அது வாலு அல்லவா? அக்கா மகள்! களிமண் வகுப்பில் பொம்மை செய்துகொண்டிருக்க வேண்டிய ஆறு வயசுப் பிள்ளை, கழுத்தளவு தண்ணீரில் நின்று சிரிக்கிறது!

சமூகக் கூடத்தில் கோடை வகுப்புகளுக்கு அன்று வெள்ளோட்டம். பிள்ளைக்கு எது பிடிக்கிறதோ அதில் சேர்க்கலாம். கையில் மஞ்சள் பட்டை என்றால் களிமண், நீலம் என்றால் நீச்சல். வாலுவுக்கு மஞ்சள் பட்டையை அவளே கட்டி, அந்த அறைக்குள் விட்டுவிட்டுத்தான் வந்தாள். வெளியூரில் நர்ஸாக இருக்கும் அக்கா, லீவுக்குப் பிள்ளையை விட்டுப்போகும்போது சொன்னது ஒன்றே ஒன்று.

“எதுல வேணா சேர்த்துவிடுடி. தண்ணி பக்கம் மட்டும் விட்றாத.”

சின்ன வயசில் இவள் ஏரியில் மூழ்கியபோது முடியைப் பிடித்து இழுத்துப் போட்டவள் அக்காதான். அந்தப் பயம் இன்னும் ரெண்டு பேருக்கும் போகவில்லை.

செருப்போடு ஈரத் தரையில் ஓடினாள்.

“யாருய்யா இங்க மாஸ்டர்? பிள்ளையை வெளிய தூக்குய்யா!”

கழுத்தில் விசில் தொங்க ஒருவன் திரும்பினான். “மேடம், செருப்பு... வழுக்கும்...”

“வழுக்கினா விழுந்துட்டுப் போறேன்! உனக்கென்ன?”

சொல்லி வாய் மூடவில்லை, சர்ரென்று வழுக்கியது. அவன் அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினான். அத்தனை கோபத்திலும் அவள் பார்த்தது அவன் கண்களைத்தான். அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, நாளெல்லாம் கண்களைப் பார்க்கிற பிழைப்பு. ஆனால் இப்படிக் குளோரின் தண்ணீரில் ஊறிச் செக்கச்செவேலென்று, இவ்வளவு சாந்தமாக ஒரு ஜோடிக் கண்ணை அவள் பார்த்ததில்லை...

“நீலப் பட்டை இருந்துச்சேங்க” என்றான்.

வாலு கையைத் தூக்கிக் காட்டினாள். நீலம்தான்!

“மாத்திக்கிட்டோம் சித்தி. அவனுக்குத் தண்ணின்னா பயமாம். எனக்கு மண்ணுன்னா போர்.”

குட்டி விரல் நீண்ட பக்கம் கண்ணாடிச் சுவர். அதற்கு அந்தப்புறம், முழங்கை வரை களிமண்ணோடு ஒரு பையன் ஆனந்தமாக உட்கார்ந்திருந்தான்.

இப்போது மாஸ்டருக்குப் பேயறைந்த மாதிரி ஆனது முகம்.

“அது... எங்க அண்ணன் பையன். பயம்னு எங்கிட்ட சொல்லவே இல்லையே...”

“சொந்த வீட்டுப் பிள்ளை மனசு தெரியல, ஊர்ப் பிள்ளைக்குச் சொல்லிக்குடுக்க வந்துட்டாரு!” என்றாள் அவள், கூடியிருந்த அத்தனை பேர் காதிலும் விழ.

அவன் பதிலுக்குக் கத்தவில்லை. மெதுவாகக் கேட்டான். “நீங்க கேட்டீங்களாங்க, உங்க பிள்ளைய?”

சுருக்கென்றது. வாலுவை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அதற்கப்புறம் வீட்டில் நாளெல்லாம் கட்டில் நீச்சல்தான். வாலு கட்டிலில் குப்புறப் படுத்துக் கையைக் காலை அடித்துக்கொண்டே இருந்தாள். கடையில் இவள் வலது லென்சை இடதில் மாட்டிவைத்து, “கண்ணைக் கொண்டுவந்தேனா, தொலைச்சுட்டு வந்தேனாம்மா?” என்று ஒரு பெரியவரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டாள். போய் நீச்சலில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம்தான். ஆனால் அவ்வளவு பேசிவிட்டு எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது?

கடைசியில் ஒரு சாயங்காலம், கோடை மழை கொட்டக் கொட்ட, வாலுவோடு போய் நின்றாள். குளத்தில் ஆளில்லை. களிமண் அறையை எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

குழந்தைகள் உட்காரும் குட்டி முக்காலியில், முட்டி காது வரைக்கும் வர, மாஸ்டர்! பக்கத்தில் அண்ணன் பையன்.

“தும்பிக்கைய இப்படி வைக்கக்கூடாது சித்தப்பா!”

“இது என்ன?” என்றாள் அவள்.

“யானைங்க...”

“பன்னி மாதிரி இருக்கு.”

“சிரிக்காதீங்க. இவங்கிட்ட திட்டு வாங்குறதும் நல்லாத்தான் இருக்கு. நீங்க சொன்னது சரிதாங்க. நான் கேட்டிருக்கணும்.”

“நானும்தான்...” என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. “இவளை நீச்சல்ல சேர்த்துக்குவீங்களா?”

“சித்தி, அவன் இவரைச் சித்தப்பாங்கிறான். நான் உன்னைச் சித்திங்கிறேன். அப்படின்னா...”

“வாயை மூடுடி!” மழைக் குளிரிலும் ரெண்டு பேருக்கும் காது சூடானது.

அதன்பின் தினமும் வேலை முடிந்து குளக்கரைப் படியில் உட்கார்ந்தாள். கடையிலிருந்து நீச்சல் கண்ணாடி வாங்கிவந்து, “கண்ணைக் கெடுத்துக்காதீங்க” என்று மாஸ்டரிடம் முறைத்துக் கொடுத்தாள். வாலுவைப் பார்க்கத்தான் போகிறேன் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அக்காவிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒருநாள் அக்கா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். வீட்டில் ஆளில்லை. பக்கத்து வீட்டில் கேட்டு நேராகக் குளத்துக்கே வந்துவிட்டாள்! தண்ணீரில் மல்லாந்து கிடந்த மகளைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டாள்.

“ஐயோ! எம் பிள்ளை!”

“ஒண்ணுமில்லைங்க, மிதக்குறா” என்று மாஸ்டர் குறுக்கே வந்தான். “தப்பு என்னோடது. நான்தான் சேர்க்கச் சொன்னேன்.”

பழியை அவன் தலையில் போட்டுக்கொண்டதை இவளால் தாங்க முடியவில்லை.

“பொய் சொல்றாருக்கா. நான்தான் சேர்த்தேன். இவர் இருக்காருன்னு நம்பித்தான்...”

“யாருடி இவரு உனக்கு, இவ்வளவு நம்பறதுக்கு?”

“எனக்குப் பிடிச்சவரு!”

சொன்ன பிறகுதான் சொன்னதே அவள் காதில் விழுந்தது. ஐயையோ... மாஸ்டர் கையிலிருந்த விசில் நழுவியது. அக்கா ஒருமுறை தங்கையை, ஒருமுறை அவனை, ஒருமுறை மகளைப் பார்த்தாள்.

“அம்மா! யாருமே பிடிக்காம மிதந்தேன் பாரு!” வாலு தண்ணீரில் எழுந்து நின்று கைகொட்டிச் சிரித்தாள்.

அக்கா ஈரப் படியில் பொத்தென்று உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்தாள். மகள் மறுபடி மல்லாந்து மிதப்பதைப் பார்த்தாள்.

“நல்லாத்தான் மிதக்குறா...” என்றாள் கடைசியில். பிறகு திரும்பி, “மாஸ்டர், இவ சொன்னது உங்களுக்குத் தெரியுமா?”

“இப்பதாங்க தெரியும்.”

“நீங்க என்ன சொல்றீங்க?”

அந்தச் சிவந்த கண்கள் தங்கை பக்கம் திரும்பின.

“எப்படிச் சொல்றதுன்னு தினமும் தண்ணிக்குள்ள முங்கி முங்கி ஒத்திகை பாத்துக்கிட்டிருந்தேங்க...”

“அக்கா எதிர்லயே சொல்லுங்க” என்றாள் அவள்.

“உங்களை எனக்கும் பிடிச்சிருக்குங்க. ரொம்ப.”