அவ்ராம் மலையிறங்கிய நாள்

எதிர்ச்சரிவில் யாரோ விறகு பிளந்துகொண்டிருந்தார்கள்.

ஜீப்பின் இரைச்சல் கடைசி வளைவில் கரைந்த பிறகுதான் லியோன்டினாவுக்கு அது கேட்டது. கோடரி இறங்கும் ஓசை, கட்டை இரண்டாகப் பிளந்து விழும் ஓசை, பிறகு ஆள் மூச்சு வாங்கும் அளவுக்கு ஓர் இடைவெளி. பிற்பகல் வெயில் இன்னும் மரங்களின் உச்சியில் இருந்தது. சத்தம் சாஃப்தா அத்தையின் வீட்டிலிருந்து வந்தது. அந்த வீட்டின் கூரை போன பனிக்காலத்திலேயே உள்ளே விழுந்துவிட்டது. அத்தையைப் புதைத்தது அதற்கும் முன்பு.

பியாத்ரா என்ற இந்த மலையூரில் இப்போது வேறு யாரும் இல்லை. கீழே நிலக்கரிச் சுரங்கம் திறந்தபோது பாதி ஊர் இறங்கிப் போனது. சுரங்கம் மூடியபோது பிள்ளைகள் இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் போனார்கள். லியோன்டினாவும் அப்படிப் போனவள்தான். மிஞ்சியவர் அவளுடைய அப்பா அவ்ராம் மட்டுமே. அவள் விடுப்பில் வந்திருந்த இந்த வாரத்தில், இன்று காலை, அவர் தொழுவத்தில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் ஏறாத பாதை. அத்தை மகன் சொரின் ஜீப்பைக் கொண்டுவந்து, பின்னிருக்கைகளைக் கழற்றி அவரை நீளவாக்கில் கிடத்தினான். இன்னொருவருக்கு இடமில்லை. பசு ஜோயானாவை ஏற்றிப்போகச் சாயங்காலம் அவன் டிராக்டரோடு வரும்வரை லியோன்டினா காத்திருக்க வேண்டும்.

வெளியே தூக்கியபோது அவ்ராம் வாசல் கம்பியை விடவே இல்லை.

"நான் போயிட்டா இங்க யாரு இருப்பா? ரோமாக்காரன் தங்கத்துக்கு வந்தான், ஆஸ்திரியாக்காரன் வரிக்கு வந்தான். எவன் வந்தும் இந்த மலை ஒருநாள்கூட ஆளில்லாம, அடுப்பு அணைஞ்சு கெடந்ததில்ல."

"கரடி பாத்துக்கும் மாமா," என்றான் சொரின். "உங்க பிளம் சாராயத்தையும் சேர்த்து."

"நான் இருக்கேன்பா. நீங்க போங்க," என்று லியோன்டினா அவர் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் இருந்த சரிவுகளைப் பார்த்தார்.

"இருக்கேன்னு நீ சொல்லிருக்கக் கூடாதுடி கண்ணு," என்று முகம் கோணி அழுதார். வலி என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

இப்போது பாதிரியாரின் பாழடைந்த வீட்டுப் பக்கமும் ஒரு கோடரி. மேட்டு வீட்டில் இன்னொன்று. பள்ளத்தாக்கிலிருந்து பனிமூட்டம் ஈரக் கம்பளி நாற்றத்தோடு ஏறிவர, வேலிகளும் வைக்கோல் போர்களும் ஒவ்வொன்றாக அதற்குள் போக, சரிவெங்கும் கட்டைகள் பிளந்து பிளந்து விழுந்தன. இத்தனை விறகு. ஒரு புகைபோக்கியிலும் புகை இல்லை.

செல்போனில் சிக்னல் இல்லை. இனியும் காத்திருக்கக் கூடாது என்று தோன்றியது. ஜோயானாவை அவிழ்த்து இழுத்தாள். படலருகே வந்ததும் பசு நான்கு காலையும் ஊன்றி நின்றுவிட்டது. அதன் தோல் அலையலையாகச் சிலிர்த்தது. கண்கள் கீழே போகும் பாதையில் நிலைத்திருந்தன.

"வாடி! வந்து தொலையேன்!"

வரவில்லை. கயிற்றைப் போட்டுவிட்டுத் தனியாக ஓடினாள்.

முதல் வளைவில் கோடரிகள் நின்றன. எல்லாம். ஒரே நேரத்தில்.

பிறகு இரும்போடு இரும்பு உரசும் ஒலி. பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஆட்கள் மேலேறி வந்தார்கள். முன்னால் சாஃப்தா அத்தை. நெற்றியில் விளக்கு கட்டிய சுரங்கக்காரர்கள். அவர்களுக்குப் பின்னால் ஆட்டுத்தோல் போர்த்தியவர்கள். அதற்கும் பின்னால், எந்தக் காலத்து உடை என்றே தெரியாதவர்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு காலி இரும்புச் சட்டி. காலடி ஓசை இல்லை. சட்டிகளின் ஓசை மட்டும்.

திரும்பி ஓடினாள். வீடு. கதவு. தாழ்ப்பாள்.

அப்பாவுக்காகக் காலையில் மூட்டிய அடுப்பில் தணல் இன்னும் சிவந்திருந்தது. முதுகை அதன் பக்கம் கொடுத்து நின்றாள். யாரும் கதவைத் தட்டவில்லை. வெளியே நெரிசல். உடைகள் உரசும் சத்தம். பிறகு ஒரு குரல். என்றோ புதைத்த அம்மாவின் குரல்.

"லியோன்டினா, கதவத் தொறம்மா. இருக்கேன்னு நீதான சொன்ன, ஒவ்வொரு வீட்டுக்கும் கொஞ்சம் தணல் குடு. அடுப்பெல்லாம் ஆறி எத்தன காலமாச்சு! ரொம்பக் குளிருது."

திறக்கக் கூடாது. திறக்கவே கூடாது.

தாழ்ப்பாளின் மேல் ஒரு கை இருந்தது. அவள் கைதான்.

அம்மா சட்டியை நீட்டினாள். லியோன்டினா கரண்டியைத் தேடவில்லை. குனிந்து, இரு கைகளாலும் தணலை அள்ளிப் போட்டாள். அடுத்த சட்டிக்கு அள்ளினாள். அதற்கடுத்ததற்கும். உள்ளங்கை சுடவில்லை. ஐஸைத் தொட்டது போலக்கூட இல்லை. ஒன்றுமே இல்லை.

வாசலுக்கு வெளியே வரிசை முற்றத்தைத் தாண்டி, பாதையைத் தாண்டி, சரிவில் ஏறி மலைமுகடு வரை போனது. எல்லோரும் பொறுமையாக நின்றார்கள்.