பிடிமண்

திருச்செங்கோட்டுத் தெருக்களை அக்கினி நட்சத்திர வெயில் வறுத்தெடுத்துக்கொண்டிருந்த மதியத்தில், குளித்துவிட்டு வெளியே வந்த பிரவீனாவின் வாயிலிருந்து புகை வந்தது.

மூச்சுதான். மார்கழி விடியலில் வருமே, அந்த வெள்ளை மூச்சு. ஏசி போடவில்லை, மின்விசிறிகூட ஓடவில்லை. இத்தனை நாள் பூட்டிக் கிடந்த வீட்டில் புழுக்க வாடையல்லவா அடிக்க வேண்டும்? ஹாலிலிருந்து ஈரப்பாசியும் நனைந்த கம்பளியும் கலந்த வாடை வந்தது. அது அவளுக்குத் தெரிந்த வாடை. ஸ்காட்லாந்து மலையில், அந்தக் கற்குவியலுக்குப் பக்கத்தில் அடித்தது.

கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டுக் கேட்டுக் கிடைத்த பயணம். முதலில் சில நாள் மலை நடை, அப்புறம் உல்லாசக் கப்பல். ரிக் லாரி வைத்து ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போடும் அவள் கணவன் கலையரசனுக்குப் பாதாளம் வரை துளைக்கத் தெரியும், மலையேறத்தான் தெரியாது. பின்தங்கினான், மூடுபனி இறங்கியது, ஆளைக் காணோம். வழிகாட்டி தேடிப் போய்விட, வழியோரக் கற்குவியலுக்குப் பக்கத்தில் அவள் தனியாக நின்றாள். பார்க்க நம்மூர்க் காட்டுக்கோயில் மாதிரியே இருந்தது. பயத்தில் மண்டி போட்டுவிட்டாள்.

"எந்தச் சாமியா இருந்தாலுஞ் சரி, என்ற ஊட்டுக்காரரைக் கொண்டாந்து உட்ரு சாமி. உன்னைய எங்கூருக்கே கூட்டிட்டுப் போறேன்."

சொன்னதோடு விடவில்லை. ஒரு கைப்பிடி மண்ணை அள்ளித் துப்பட்டாவில் முடிந்துகொண்டாள். ஊர் மாறிப் போகிறவர்கள் குலசாமி கோயிலில் பிடிமண் எடுத்துப் போய், புது இடத்தில் கல் நட்டுக் கும்பிடுவார்கள். அது நமக்குத் தெரிந்த சாமிக்கு. அங்கே இருந்தது சாமிதானா என்று பாவி மகள் யாரைக் கேட்டாள்?

கலையரசன் பனிக்குள்ளிருந்து வந்தான். "யாரோ கையப் புடிச்சுக் கூட்டியாந்தாப்பல இருந்துச்சு" என்றான். மணிக்கட்டு ஐஸாக இருந்தது.

பிடிமண்ணை வழியில் கீழே வைக்கக்கூடாது. வைத்த இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். அதனால் கப்பலில் விருந்திலும் தூக்கத்திலும் முடிச்சு அவள் இடுப்பிலேயே இருந்தது. ஜன்னலில்லாத அந்த அறையில், கட்டிலைச் சுற்றி யாரோ மெல்ல நடப்பது கேட்கும். கப்பல் ஆடுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். ஊருக்குப் போய்த் தோட்டத்து வேப்பமரத்தடியில் வைத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தாள்.

இன்று வீடு சேர்ந்ததும் முடிச்சை அவன் கையில் கொடுத்தாள். "தண்ணி வாத்துட்டு வந்தர்றேன். கீழ மட்டும் வெச்சராதீங்க."

"ஆகட்டும், போ" என்றான்.

இப்போது ஹாலில் அவன் முதுகு தெரிந்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் கிடந்த போனில் டிரைவர் கத்திக்கொண்டிருந்தான். "அண்ணா, லாரி நின்னு போச்சுங்ணா! கேக்குதுங்களாண்ணா?" போனை எடுக்கத்தான் முடிச்சைத் தரையில் வைத்திருக்கிறான். துப்பட்டா அவிழ்ந்து மண் டைல்ஸில் பரவியிருந்தது.

"ஏனுங்க, எந்திரிங்க. தோட்டத்துக்குக் கொண்டுபோயிரலாம்."

அள்ளப் பார்த்தாள். கைப்பிடி மண், நகரவில்லை.

"அதுக்கு இங்கயே புடிச்சுப்போச்சு பிரவீனா" என்றான் திரும்பாமலே. "நம்மளையும் இருக்கச் சொல்லுது."

தோளைப் பிடித்து இழுத்தாள். தோள் தோளாக இல்லை. சில்லென்று, சொரசொரப்பாக இருந்தது. அவனை விட்டுவிட்டு ஓட மனமில்லை. ஆளைக் கூப்பிட்டு வந்து எப்படியாவது இவனை வெளியே இழுத்துவிட வேண்டும் என்று வாசலுக்கு ஓடினாள். கதவின் கைப்பிடியில் பனி படிந்திருந்தது. அசையவில்லை. ஜன்னலுக்கு ஓடினாள். வெளியே வெயில். நுங்கு வண்டி. வண்டிக்காரர் அவளைப் பார்த்தபடிதான் வியர்வையைத் துடைத்தார். கத்தினாள். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஹாலுக்குள் முழங்கால்வரை மூடுபனி.

திரும்ப அவனிடம் வந்தாள். கையைப் பிடித்தாள். விரல்கள் இல்லை. அழக்கூட முடியவில்லை. காலைத் தூக்கினாள். வரவில்லை.

குனியப் பார்த்தாள். கழுத்து வளையவில்லை.

வெளியே சாவி திரும்பும் சத்தம். மாற்றுச் சாவி வைத்திருக்கும் நாத்தனார் சரிதா. கதவு சுலபமாகத் திறந்துகொண்டது. *சரிதா! உங்கண்ணனை இழு!* பிரவீனாவின் வாயிலிருந்து புகைகூட வரவில்லை.

"அண்ணி! வந்துட்டோம்னு போன் பண்ணுனீங்க, எங்கீங்க?" சரிதா பெட்டிகளைப் பார்த்தாள். செருப்புகளைப் பார்த்தாள். பிறகு ஹாலின் நடுவே பார்த்தாள்.

"அட! வந்த காலோட நட்டுப்புட்டாங்களா? தோட்டத்துலன்னு சொன்னாங்க, ஊட்டுக்குள்ளயே நட்டிருக்காங்க பாரு. ரெண்டு கல்லும் சோடியாட்ட இருக்குது."

செருப்பைக் கழற்றினாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். கலையரசனின் தலையில் ஊற்றிய தண்ணீர் அவன் முதுகில் வழிந்து மண்ணில் இறங்குவதைப் பிரவீனா பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவள் முறை. பூஜை அறையிலிருந்து குங்குமச் சிமிழ் வந்தது.

சரிதா குனிந்தாள். முகத்துக்கு முகம். அவள் மூச்சு வெதுவெதுப்பாகப் பட்டது.

"எங்கண்ணனும் அண்ணியும் நல்லா இருக்கோணும் சாமி" என்று முனகிக்கொண்டே, திறந்தே இருந்த பிரவீனாவின் கண்களின் மேல் குங்குமத்தை அழுத்தித் தேய்த்தாள்.