உரக்கச் சொன்ன பாஸ்வேர்டு

தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது ‘வீடு’ என்பதற்கு ரசீத் எப்போதும் டபிள்யூ போடுவான். நோன்புப் பெருநாளுக்குப் பிறகு சவூதியின் தம்மாமிலிருந்து வந்த அவனுடைய மெயில்களில் எல்லாம் ‘வி’ இருந்தது. மனைவி ஸமீஹா கவனித்தாள், கவனித்ததோடு சரி. பள்ளிக்கூடம் முடிந்து, பாளையங்கோட்டை பிரவுசிங் சென்டருக்குப் போய்விட்டு, பஸ்ஸில் நின்றபடியே மேலப்பாளையம் வந்து, படுத்த படுக்கையாகிவிட்ட மாமிக்கு, ரசீத்தின் உம்மாவுக்கு, கஞ்சி ஊட்டி முடிக்கும்போது, ஓர் எழுத்தைப் பற்றி யோசிக்க அவளிடம் தெம்பு இருக்காது.

லீவில் வந்திருந்தபோது ரசீத்துதான் அந்த சென்டரில் இரண்டு பேருக்கும் மெயில் ஆரம்பித்தான். பாஸ்வேர்டு என்ன வைக்கலாம் என்று கடைக்காரர் கேட்க, ஸமீஹா பெயரையே வையுங்கள் என்று உரக்கச் சொன்னான். இரண்டுக்கும் அதே. பின்னால் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இதைக் கேள்விப்பட்டு, உடன் வேலை பார்க்கும் நீலாம்பாள் டீச்சர் பதறினாள். “மொதல்ல அத மாத்துங்க டீச்சர். யாரும் பாக்காம நீங்களே அடிங்க. எந்திரிக்கும்போது மெயில மூடிட்டு எந்திரிங்க.” மாத்தணும் என்றாள் ஸமீஹா. தள்ளிப்போட்டாள்.

ஐப்பசி மழையில் வீட்டுப் போன் செத்துப்போனதிலிருந்து மெயில் ஒன்றுதான் துணை. இப்போதெல்லாம் அவன் நிறையக் கேட்டான். ரொம்ப அலுப்பா இருக்கா, உம்மா ராத்திரி தூங்குதாங்களா, பயமா இல்லையா. கல்யாணமான நாளிலிருந்து அவன் இத்தனை விசாரித்ததில்லை. அவளும் எழுதினாள். மாமிக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது, நிழல்தான் தெரிகிறது. ராத்திரி தூக்க மாத்திரை கொடுத்தால்தான் தூங்குகிறாள். பின்கதவுத் தாழ்ப்பாள் கழன்று ஆடுகிறது, ஆசாரி வருவதாக இல்லை. எழுதி முடித்தால் தோளிலிருந்து ஏதோ இறங்கியதுபோல இருக்கும்.

அன்று பகலில் லைன்மேன் வந்து போனைச் சரிசெய்துவிட்டுப் போயிருந்தார். அந்தியில் மஃரிபு தொழுது எழும்போது கரண்ட் போயிற்று. சிம்னி விளக்கின் மண்ணெண்ணெய்ப் புகையும், மாமியின் தைலமும், இன்னதென்று தெரியாத ஒரு வியர்வை வாடையும் கூடத்தில் கலந்து நின்றபோது, மாதக்கணக்கில் கேட்காத அந்த மணி அடித்தது.

ரசீத்.

“ஏன் புள்ள, ஒரு கடுதாசி போடக் கூடாதா? பெருநாளுக்குப் பெறவு என் மெயிலே தெறக்க மாட்டேங்கு. பாஸ்வேர்டு தப்புன்னு சொல்லுது.”

“நீங்க தெனமும் எழுதுனீங்களே மச்சான்.”

“நான் எங்க எழுதுனேன்?”

அவள் எழுதியதெல்லாம் வரி வரியாக நினைவுக்கு வந்தது. மாமியின் கண். தூக்க மாத்திரை. தாழ்ப்பாள்.

ரிசீவரை மேசையில் போட்டுவிட்டு விளக்கோடு பின்கட்டுக்கு ஓடினாள். கதவு சாத்தியிருந்தது. தள்ளிப் பார்த்தாள். ஆடவில்லை. விளக்கை உயர்த்தினாள்.

தாழ்ப்பாள் சரிசெய்யப்பட்டிருந்தது. நான்கு புதுத் திருகாணிகள் மின்னின. தரையில் மரத்தூள்.

உள்பக்கமாகப் பூட்டியிருந்தது.

கூடத்தில் ரசீத் இன்னும் ஹலோ, ஹலோ என்று சொல்லிக்கொண்டிருந்தான். அதற்கும் அப்பால், மாமியின் அறையிலிருந்து, பல மாதங்களாகக் கேட்காத தெளிவான, சந்தோஷமான குரல் வந்தது.

“ஸமீஹா, ரசீத்து வந்துட்டாம்மா. குடிக்கத் தண்ணி குடு.”

அந்த அறையின் வாசற்படிவரை போனாள். விளக்கை உள்ளே நீட்டினாள்.

விளக்கின் வெளிச்சம் கட்டிலின் கால்மாட்டை மட்டும் எட்டியது. மாமியின் வற்றிய பாதங்கள். அவற்றைப் பைய அமுக்கிவிடும் இரண்டு கைகள். பெரிய கைகள். நகத்திடுக்கில் மரத்தூள்.

விளக்கைக் கண்டும் அவை நிற்கவில்லை.