நாலு மணி நிழல்

தொட்டியில் தண்ணீர் நான்கு விரற்கடை குறைந்திருந்தது. இரண்டுதான் குறைந்திருக்க வேண்டும்.

ரசல் வெள்ளைத் தொட்டியின் மேல் இருந்த கரிக்கோட்டை இன்னொரு முறை பார்த்தான். ஞாயிறுதோறும் காலையில் தண்ணீர் மட்டத்துக்கு நேராக ஒரு கோடு போடுவான். தனி ஆள். குளியல் ஒருநாள் விட்டு ஒருநாள், கழுவ ஒரு தட்டு, ஒரு கரண்டி. வாரா வாரம் ஒரே அளவில் இறங்கிவந்த கோடு இந்த வாரம் சரியாக இரண்டு மடங்கு இறங்கியிருந்தது. குனிந்து தொட்டியின் அடிமண்ணில் கை வைத்தான். சுட்டது. ஈரம் இல்லை.

அந்த நிலத்தில் கிணறு கிடையாது. அறுநூறு அடிக்குக் கீழேதான் தண்ணீர். தண்ணீர் லாரி ஓட்டும் டெல்பினா கொண்டுவந்து ஊற்றினால் உண்டு. நிலவியல் படித்தவன் இப்படி ஒரு நிலத்தை வாங்குவானா என்று டூசான் நகரத்து நண்பர்கள் கேட்டார்கள். பெண்டாட்டி செத்த இடத்தையே எதற்கு வாங்கினாய் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

மூன்று வருடம் வார இறுதிகளில் நிலம் பார்த்து அலைந்தவர்கள் அவனும் பெண்டாட்டி டெஸ்ஸாவும். அவளிடம் ஒரு பச்சை நோட்டு இருந்தது. நிலத்துக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு நான்கு கேள்வி. நாலு மணிக்கு நிழல் எங்கே விழுகிறது? மழையில் சாலை இருக்குமா? ராத்திரி தெரியும் அடுத்த வீட்டு விளக்கு எவ்வளவு தூரம்? தண்ணீர்? வாங்க வந்தீர்களா, பரீட்சை வைக்க வந்தீர்களா என்று ஒரு தரகர் கேட்டே விட்டார்.

போன ஜூனில் இந்த நிலத்தைப் பார்க்க வந்தபோது, வறண்ட ஓடையின் மணலில் பிக்கப் வண்டி அச்சுவரை புதைந்தது. தள்ளப்போன டெஸ்ஸாவுக்குக் கணுக்கால் பிசகியது. போனில் சிக்னல் இல்லை. வண்டியை விட்டு நகரக் கூடாது என்பது இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஏழு மைலில் தார்ச்சாலை, போய்விட்டு வந்துவிடலாம் என்று அவன் நினைத்தான். தண்ணீர் இரண்டு கேன் இருந்தது.

"நடக்கிறவனுக்குத்தான் அதிகம் வேணும்," என்று பெரிய கேனை எடுத்துக்கொண்டான். "நாலு மணிக்குள்ள வந்துடறேன்."

"வராம எங்க போயிடுவ? சாவி எங்கிட்ட இருக்கு," என்றாள் அவள்.

பாதை பிரிந்த இடத்தில் அவன் தப்பான கிளையில் நடந்தான். மீட்பு ஆட்களோடு திரும்பியபோது மறுநாள் காலை. வண்டியில் அவள் இல்லை. நூறடி தள்ளி, சீமைக்கருவேல மரத்தடியில் இருந்தாள். மணலில் முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி. விரல்களில் நகம் இல்லை. வாயில் மணல்.

அவன் அழவில்லை. அன்றைக்கும் இல்லை, அடக்கத்தன்றும் இல்லை. மரத்துக்குப் பக்கத்தில் ஒரு டிரெய்லர் வீட்டைக் கொண்டுவந்து நிறுத்தினான். அந்தப் பிக்கப்பை இழுத்துவந்து வாசலில் விட்டான். அவ்வளவுதான்.

திங்கள்கிழமை மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. குழாயைத் திறந்தால் தானாக ஓடி, மூடினால் நிற்கும் மோட்டார் அது. ரசல் சமையல் மேசையில் உட்கார்ந்திருந்தான். கூரையில் ஏர் கூலர் ஈர வைக்கோல் வாசனையைச் சுழற்றிக்கொண்டிருந்தது, தகரச் சுவர் வெயிலில் விரிந்து டக்டக்கென்றது, வெளியே ஒரு பறவை கூட இல்லாத வெள்ளை வெளிச்சத்தில் மரத்தின் நிழல் மெல்ல நீண்டு வாசற்படியைத் தொட்டபோது, தரைக்குக் கீழே மோட்டார் உறுமி அரை நிமிடம் ஓடி நின்றது. எல்லாக் குழாயையும் போய்ப் பார்த்தான். மூடியிருந்தன. கழுவும் தொட்டி காய்ந்திருந்தது. கடிகாரம் நாலு காட்டியது.

செவ்வாயும் நாலுக்கு. புதனும் நாலுக்கு.

குடிவந்தபின் வாங்கிய சாட்டிலைட் போனில் அவன் கூப்பிட்டதும், டெல்பினா முறை வருவதற்கு முன்பே லாரியோடு வந்தாள். ஐம்பது வயது, கனத்த கை, வாய் ஓயாது. தன் வயதில் பாதி இருக்கும் எவனையும் மிஹோ, மகனே, என்றுதான் கூப்பிடுவாள்.

"என்ன மிஹோ, அதுக்குள்ள காலியா? ஒட்டகம் கிட்டகம் வாங்கிட்டியா?"

ஒழுகுகிறது போல என்றான்.

"ஒழுகினா இங்க ஒரு புல்லாவது முளைச்சிருக்கணுமே." அவள் தொட்டியைச் சுற்றிவந்து தட்டிப் பார்த்தாள். "சும்மா சொல்லாத. ரெண்டு பேர் குடிக்கிற தண்ணி இது." சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்குக் கேட்டது. முகம் மாறியது. "ஐயோ, என் வாயில மண்ணு விழ."

அவன் லாரியின் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

போகும்போது, தன் வீட்டில் ஓர் அறை சும்மாத்தான் கிடக்கிறது என்றாள். இந்த நிலத்தை யார் தலையிலாவது கட்டலாம், தானே ஆள் பார்ப்பதாகவும் சொன்னாள். அவன் யோசிப்பதாகச் சொல்லி அனுப்பினான்.

அன்று மாலை சின்னக் கேனை நிரப்பி, பிக்கப்பில் டெஸ்ஸா உட்கார்ந்திருந்த இருக்கையில் வைத்தான்.

மறுநாள் நாலரைக்குப் போய்ப் பார்த்தான். கேன் காலி. அடியில் ஒரு சிட்டிகை மணல். மூடி அசைக்க முடியாதபடி இறுகியிருந்தது. டெஸ்ஸா எந்த மூடியையும் அப்படித்தான் முறுக்குவாள். திறக்க வராமல் அவன் திட்டுவான். வெயிலில் நின்று அந்த மூடியைத் தடவிக்கொண்டே இருந்தான். பதினோரு மாதத்தில் முதல் முறையாக நெஞ்சில் ஏதோ அசைந்தது. பயமும்தான். அதைவிடப் பெரிதாக வேறொன்றும்.

பிறகு அவன் குளிக்கவில்லை. கூலரை நிறுத்தினான். வாளி, பானை, காப்பிக் கோப்பை எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து மரத்தடியில் வரிசையாக வைத்தான். எல்லாம் காலியாயின. மோட்டார் அரை நிமிடம் ஓடியது போய், பத்து நிமிடம் ஓடியது. பிறகு ஒரு மணி நேரம். டெல்பினாவுக்குப் போன் செய்தான். நாளைக்குத்தான் வர முடியும், வியாழக்கிழமை என்றாள். இருக்கிற தண்ணீரில் தானும் குடிக்கச் சொன்னாள். சரி என்றான். உதடு வெடித்திருந்தது.

அடுத்த வாரப் புதன், நாலு மணி. மோட்டார் ஓடியது. ஓட ஓட அதன் குரல் மாறியது. தண்ணீர் இல்லாமல் வெறுங்காற்றை இழுத்துக் கிறீச்சிட்டது. ஓடிப்போய் சுவிட்சை அணைத்தான்.

அமைதி.

பிறகு தரைக்குக் கீழே, மணலைத் தோண்டும் சத்தம்.

மெதுவாக. நின்று, நின்று. நகமில்லாத விரல் தோண்டுவது போல.

அன்று எடுத்துக்கொண்டு போன பெரிய கேன் அலமாரியில் இருந்தது. நிரப்பி வைத்தது. அதன்பின் அதை அவன் தொட்டதேயில்லை. எடுத்து மேசைமேல் வைத்தான். மூடியைத் திறந்தான். போலீஸ் திருப்பித் தந்த உறையும் அதே அலமாரியில்தான் இருந்தது. அதைக் கிழித்துப் பச்சை நோட்டை எடுத்தான். வண்டியில் அவள் தனியாகக் காத்திருந்தபோது எழுதிய பக்கம். பென்சில் எழுத்து. அவசரமே இல்லாமல்.

நிழல்: மரம் முழுக்க. வீடு வைத்தால் நாலு மணிக்கு வாசல் வரை வரும்.

சாலை: மழையில் இருக்காது. பரவாயில்லை.

விளக்கு: இருட்டினால்தான் தெரியும்.

தண்ணீர்: ரசல் கொண்டுவருகிறான்.

கீழே கோடு போட்டு, இரண்டு முறை அழுத்தி எழுதியிருந்தாள். இதையே எடுத்துக்கலாம்.

அவன் அழுதான். தொண்டை கிழிய, மூச்சு முட்ட, பதினோரு மாதத்தையும் சேர்த்து.

தரைக்குக் கீழே தோண்டும் சத்தம் நின்றது.

மேசைமேல் கேன் சாய்ந்தது. யாரோ விழுங்கினார்கள். மடக் மடக்கென்று, மூச்சே விடாமல். கேன் காலியாக நிமிர்ந்தது. மூடி தானாகத் திரும்பியது. இறுகியது.

"டெஸ்ஸா. இன்னும் வேணுமா?"

வெயிலில் காய்ந்த தோலின் வாசனை. காலடியில் மணல் கொட்டும் சத்தம்.

"தீந்து போச்சும்மா. நாளைக்கு லாரி வரும்."

விரல்கள் அவன் தாடையைப் பிடித்தன. மெதுவாகத் திருப்பின. உப்புத்தாள் போல வறண்ட நாக்கு அவன் கன்னத்தில் பட்டது. மேலே ஏறியது. கண்ணோரம் வரை. நின்றது.

விழுங்கியது.

மறுபடி வந்தது.

மரத்தின் நிழல் வாசற்படி ஏறி உள்ளே வந்திருந்தது. ரசல் அழுகையை நிறுத்தவில்லை. அவன் மடியில் திறந்து கிடந்த நோட்டின் மேல் ஒரு சொட்டும் விழவில்லை.