வலது மட்டை

நெட்டாவுக்கு வலது மணிக்கட்டில் தொடங்கிய குத்தல் முழங்கைவரை ஏறியிருந்தது. கையை உதறிக்கொள்ளக் குமிழை விட்டாள். விட்ட பிறகும் டி.வி. திரையில் வலது மட்டை நகர்ந்துபோய்ப் பந்தைத் திருப்பி அடித்தது. டொக்.

சிப் கோளாறு என்று கழற்றி ஓரமாகப் போட்டாள். ஸ்காட்லாந்தின் அந்த ஆலையில், கறுப்புத் துணி மறைத்த தடுப்புக்குள், ஈரக் கம்பளிக் கோட்டும் சூடேறிய டி.வி. தூசியும் மணக்க மணக்க, காலையிலிருந்து இதே பிழைப்பு: இருபத்தெட்டுக் கால் சிப்பைக் குழியில் பொருத்தி, இரண்டு குமிழையும் இரண்டு கையால் திருப்பித் திரையின் மட்டைகளை ஓட்டி, பந்து ஒழுங்காகப் போய் வருகிறதா என்று பார்த்துக் கழற்றுவது. கிறிஸ்துமஸுக்குள் வீட்டுக்கு வீடு டி.வி.யில் இந்த ஆட்டம் போக வேண்டுமாம்.

துணிக்கு வெளியே மேற்பார்வைக்காரி ரோனாவின் குரல். "நெட்டா, கழுவு தொட்டிக்கு இன்னிக்கு எஃபியோட முறை. நீதான பாக்கறேன்னு சொன்னே?"

"கை முடியல ரோனா."

"விளையாடச் சம்பளம் தர்றாங்க. அதுக்கும் கை வலியா?"

"நீ ஒரு நாள் வந்து விளையாடு. அப்புறம் கரண்டி பிடிக்கறியான்னு பாப்போம்."

"பேச்சு மாத்தாத. போன வாரம் உன் முறைய அவதான பாத்தா?"

"அவதான் செத்துட்டாளே. யாருக்குத் திருப்பிச் செய்யறது? வேற ஆள அனுப்பு."

ரோனாவின் செருப்புச் சத்தம் தள்ளிப் போனது. போன வியாழன் இதே கைவலியைச் சொல்லித்தான் நெட்டா எஃபியை அனுப்பியிருந்தாள். சிப் தட்டுகளை முக்கியெடுக்கையில் தொட்டிக் கரைப்பானின் ஆவி தலைக்கேறி, எஃபி அதற்குள்ளேயே குப்புற விழுந்தாள். அரை மணி நேரம் யாரும் பார்க்கவில்லை.

நெட்டா அடுத்த சிப்பைப் பொருத்தினாள். இந்தச் சிப்புக்கு ஞாபகம் கிடையாது. மின்சாரம் போனால் எல்லாம் அழியும், ஒவ்வொன்றிலும் புள்ளிக் கணக்கு பூஜ்யத்தில்தான் தொடங்கும். இது பதினொன்றில் தொடங்கியது. வலது பக்கம் பதினொன்று. பதினைந்தில் ஆட்டம் முடியும்.

இதே மேசையில் சோதிக்கும்போது, பந்து வருமுன் மட்டையை இரண்டு தரம் ஆட்டிக்கொள்வது எஃபியின் வழக்கம்.

வலது மட்டை ஆடியது. இரண்டு தரம்.

டொக். பன்னிரண்டு.

வேறு சிப். பதின்மூன்று.

அதையும் பிடுங்கினாள். வெறும் குழி. இருபத்தெட்டு ஓட்டை.

டொக்.

பந்து நிற்கவில்லை.

தொட்டி வாடை. இனிப்பாக, தொண்டையில். யாரும் தொடாத வலது குமிழ் திரும்பியது. அதன் பூச்சு கரைந்து மேசையில் சொட்டியது.

பதினான்கு.

"நான் போறேன்" என்று சொல்ல வாய் திறந்தாள். இடது குமிழ் அவள் கையையும் சேர்த்துத் திருப்பியது. மட்டை பந்தைவிட்டு விலகியது. அவள் விரல்களின் மேல் வேறு நாலு விரல்கள். வெளுத்து, ஊறி.

பதினைந்து.

தொட்டியில் குப்புறக் கிடக்க வேண்டிய அரை மணி நேரம், எஃபிக்கு நெட்டா வைத்த பாக்கி.