பாட்டிலில் வேறு பேர்!

ட்ரிங்... ட்ரிங்...

சசிதரன் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி போனை எடுத்தான். பிடித்து என்ன பயன்? கொழுந்து ஏற்றிய லோரி நகர்ந்து வெகு நேரமாகிறது. முன்னால் மண்சரிவு. பின்னால் கார்களின் வரிசை. சுற்றிலும் பனி.

"சசிதரனா? எஸ்டேட் கிளினிக் நர்ஸ் நளினி பேசுறேன்."

"சொல்லுங்க சிஸ்டர்."

"குடல் கேன்சர் ஆராய்ச்சிக்குன்னு எல்லார்கிட்டயும் யூரின் எடுத்தோம்ல? உங்க ரிசல்ட் சரியில்ல. இது வெறும் அறிகுறிதான், குடலுக்குள்ள கேமரா விட்டு ஸ்கோப் பார்த்தாத்தான் உறுதியா சொல்ல முடியும். சீக்கிரம் பார்த்தா காப்பாத்திடலாம். நாளைக்கே தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு வந்திடுங்க!"

போன் கட்டானது.

கேன்சர்!

சசிதரன் பயந்தது தனக்காக அல்ல...

பக்கத்து சீட்டில் அவித்த சோளத்தைக் கடித்துக்கொண்டிருந்தார் கங்காணி இருளப்பன். அந்த யூரின் அவருடையது!

யூரின் டெஸ்ட் என்றால் லோரிக்காரனுக்கு ஒரே அர்த்தம்தான். போலீஸ்! நளினி கேன்சர் என்று விளக்கிச் சொன்னது எதுவும் அன்றைக்கு அவன் காதில் ஏறவில்லை. தூக்கத்தை விரட்ட அவன் விழுங்கும் 'பில் குடா' போதை மாத்திரைதான் கண்ணுக்குள் நின்றது. யாரும் பார்க்காத நேரத்தில் தன் பாட்டிலின் பேர்ச்சீட்டையும் இருளப்பன் பாட்டிலின் பேர்ச்சீட்டையும் உரித்து, மாற்றி ஒட்டிவிட்டான்.

இப்போது உண்மையைச் சொன்னால்? ஏன் மாற்றினாய் என்பார்கள். மாத்திரை வெளியே வரும். மாத்திரைக்குப் பின்னாலேயே திரிங்காப் வளைவும் வரும்!

தைப்பூசத்துக்கு முந்தின வாரம், அந்த வளைவில் ஒருவனை அடித்துப் போட்டுவிட்டு ஒரு லோரி நிற்காமல் போனது. எந்த லோரி என்று போலீஸுக்கு இன்னும் தெரியாது. செத்தவன் கந்தன், இருளப்பனின் கூடப்பிறந்த தம்பி. பாடை தூக்கியவர்களில் சசிதரனும் ஒருவன்.

"யாருடா போன்ல? மூஞ்சி வெளுத்துப் போச்சி?"

"ஒண்ணுமில்ல மாமா... நீங்க அந்த டெஸ்ட்ட இன்னொருக்கா எடுங்களேன்."

"எதுக்குலா? எனக்குத்தான் போன வாரமே கிளியர்னு சொல்லிட்டாங்களே!"

"மிஷின் தப்பு பண்ணும் மாமா..."

"மிஷினுக்குக் கள்ளத்தனம் தெரியாதுடா. மனுசனுக்குத்தான் தெரியும்." சிரித்தவர் சட்டென்று வயிற்றைப் பிடித்தார். "அய்யோ... பொரட்டுது!"

அண்ணன், தம்பி இரண்டு பேரையுமா கொல்வது?

இறங்கி ஓடிவிடலாமா? இடப் பக்கம் மலை. வலப் பக்கம் பள்ளம். நழுவிய கால்சட்டையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டான். கொஞ்ச நாளாகவே உடம்பு இளைத்துக்கொண்டிருந்தது. மாத்திரையின் கைங்கரியம் என்று விட்டுவிட்டான்.

"மாமா!" குரல் உடைந்தது. "கேன்சர் உங்களுக்கு! பேர்ச்சீட்ட நான் மாத்திட்டேன்... பில் குடா போட்டிருந்தேன், மாட்டிக்குவேன்னு பயம்... கந்தன் மாமாவ அடிச்சதும் நான்தான் மாமா! தூங்கிட்டேன்... நிக்காம ஓடிட்டேன்... என்னைய என்ன வேணா செய்யுங்க, நீங்க மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க!"

இருளப்பன் சோளத்தைக் கீழே வைத்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. தாடை இறுகியிருந்தது.

"நீ மாத்துனத நான் கதவுக்குப் பின்னால நின்னு பார்த்தேன்டா."

"மாமா...?"

"லோரிக்காரன் மூத்திரத்த மாத்துறான்னா என்னமோ மறைக்கிறான். என்னான்னு நீயா சொல்ற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு இருந்தேன். ஆனா என் பேர்ல உன் மூத்திரம் எதுக்கு? நீ வெளிய போனதும் சீட்ட உரிச்சி, பழையபடி மாத்தி ஒட்டிட்டேன்!"

சசிதரன் அவர் பக்கம் திரும்பினான்.

"அப்போ... கேன்சர்...?"

"உன்னுதுதான்லா! எனக்கு சோளம் செரிக்கல, அவ்வளவுதான்."

கண்ணாடியை யாரோ தட்டினார்கள். பனிக்குள்ளிருந்து ஒரு போலீஸ்காரர் கையை ஆட்டி வழி விட்டார். சசிதரனுக்கு லோரியை எடுக்கக் கை வரவில்லை.

"மாமா... நான் இப்படியே செத்துப் போறேனே..."

"சாவுறது உனக்கு ஈசிலா!" இருளப்பன் கத்தினார். "நீ பொழைக்கணும். பொழைச்சி, கோர்ட்ல நின்னு என் தம்பி பேரச் சொல்லணும். எட்றா லோரிய! மொதல்ல ஆஸ்பத்திரி, அப்புறம் போலீஸ் ஸ்டேசன்!"

லோரி உறுமியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிச்சச் சோளத்தைக் கையில் எடுத்தார் இருளப்பன்.

"ஆபரேசன் முடிஞ்சாலும் திரும்ப வந்திருச்சான்னு பார்க்க அடிக்கடி யூரின் கேப்பாங்களாம். ஜெயில்ல பாட்டில் நீட்டுறப்ப பார்த்துக்க... அங்க நீ மாத்துனா, திருப்பி ஒட்ட இருளப்பன் கெடைக்க மாட்டான்!"