எட்டடி உயரம்

வெள்ளிக்கிழமை மாடி மச்சறையின் நடுவில் நிறுத்தியபோது, எட்டடிக் கோலின் தலைக்கும் மேற்பலகைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தது. திங்கட்கிழமை அதே இடத்தில் அதே கோல் நிமிர மறுத்தது. பொன்னம்மை அழுத்திப் பார்த்தாள். தேக்குப் பலகை, நனைந்த மெத்தையைப் போல மெல்ல அமுங்கிக் கொடுத்து, பிறகு கோலைத் திருப்பித் தள்ளியது.

அவள் கையை எடுத்துவிட்டாள்.

கரமனை ஆற்றோரத்து வாடகை வீட்டில் சுவரெல்லாம் ஈரம் ஏறி, ஏழு மாதப் பிள்ளைக்கு நெஞ்சில் பூனை கத்துவதுபோல இழுப்பு. அடுத்த மழையை இவன் அங்கே தாங்கமாட்டான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்காகத்தான் சாலைக் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருக்கும் அவள் கணவன் பகவதிப்பெருமாள் இந்த வீட்டைக் கட்டினான். கீழே முழுக்கச் சரக்கு. படுக்க, ஓட்டுக்கடியில் இந்த ஒரே அறை. அதில் படுக்க நகரசபை சம்மதிக்க வேண்டும்: உயரம் எட்டடி, காற்று வர ஜன்னல், ஓட்டுக்கும் மேற்பலகைக்கும் இடையிலுள்ள பொந்து எந்த ஜந்துவும் புகாதபடி அடைத்திருக்க வேண்டும்.

பொந்தில் ஏற்கெனவே வௌவால்கள் குடியேறியிருந்தன. அந்தி கறுத்து அவை இரை தேடிப் போனபிறகு அடைப்பதுதான் முறை. அந்திக்குமேல் கொத்தன் சாரத்தில் ஏறமாட்டேன் என்றான். பகவதிப்பெருமாளுக்கோ அவசரம். வெள்ளிக்கிழமை உச்சிவெயிலில், அவை உள்ளே தலைகீழாகத் தூங்கிக்கொண்டிருக்கும்போதே, கடைசிப் பொத்தல்வரை சாந்து பூசியாகிவிட்டது.

அன்று முழுக்க மேலே நகங்கள் பிறாண்டின. சனிக்கிழமை கீச்சொலிகள், அவற்றுள் மிகச் சின்னவையும் இருந்தன, குட்டிகளின் குரல்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம், தரை மெழுக வந்த பொன்னம்மை காது கொடுத்து நிற்கையிலேயே, அத்தனையும் ஒரே நொடியில் நின்றன. அதன்பின் வாடை இறங்கியது. புளித்த பாலும் ஈர மயிரும் கலந்த வாடை, நாக்கினடியில் எண்ணெய்போல ஒட்டிக்கொண்டு, சோற்றிலும் புடவையிலும் கூடவே வந்தது. பலகை இணைப்புகளில் பழுப்பாக ஏதோ கசிந்தது. துணியால் துடைத்தால் நூல் நூலாக நீண்டது. அந்த நூலில் அரிசி அரிசியாகப் புழுக்கள்.

"ஏட்டி, ஓவர்சியரு வந்தாச்சு!" கீழிருந்து பகவதிப்பெருமாள் கத்தினான். "சாம்பிராணியெப் போடு. பிள்ளையெத் தொட்டில்லெ கெடத்து. பிள்ளை மொகத்தெப் பாத்தா மனசு இளகும்."

அவள் நடு உத்தரத்தில் புடவைத் தொட்டிலைக் கட்டிப் பிள்ளையைக் கிடத்தினாள்.

நகரசபை ஓவர்சியர் சுவாமிதாஸ் அறை வாசலிலேயே கைக்குட்டையை மூக்கில் வைத்தார். "என்னவே இது? கெடந்து உறங்கவா, நேரே மோட்சம் போகவா?"

"சாம்பிராணி கொஞ்சம் கூடிப்போச்சு சாரே," என்று சிரித்தபடி பகவதிப்பெருமாள் அவரைச் சுவரோரமாகவே நடத்திப் போனான். அங்கே கோல் நேராக நின்றது. ஜன்னலும் சரி. சுவாமிதாஸ் எழுதிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"சாம்பிராணி இல்லெ இது. ஒரு பலகையெ இளக்கிப் பாத்துட்டுத்தான் ஒப்பு போட முடியும்."

பகவதிப்பெருமாள் மனைவியைப் பார்த்தான். இளக்கினால் அனுமதி இல்லை. மறுபடி கரமனை. மறுபடி அந்த ஈரச் சுவர், அந்த இழுப்பு.

"பிள்ளை பாலு கக்கிச்சு சாரே," என்றாள் பொன்னம்மை. "தொட்டிலெல்லாம் நாறுது. வேற ஒண்ணும் இல்லெ."

சுவாமிதாஸ் பிள்ளையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு தாளில் கையெழுத்திட்டுவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு படியிறங்கினார். பகவதிப்பெருமாள் குடையோடு பின்னால் ஓடினான். அவளும் கீழே வாசல்வரை இறங்கிப்போய்க் கும்பிட்டாள். வெளியே மழைக்காற்று. இரண்டு நாளில் முதல்முறையாக நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.

அப்போது மேலே ஒரு சத்தம்.

சப். சப்.

அழுகை இல்லை. இழுப்பும் இல்லை. வயிறு நிறையக் குடிக்கும் சத்தம்.

படிகளில் ஓடினாள். கால் வழுக்கியது. படியெல்லாம் பிசுபிசுப்பு.

அறையின் நடுவில் மேற்பலகை வயிறுபோலத் தொங்கியது. நடு இணைப்பு பிளந்திருந்தது. பிளவிலிருந்து முழம் முழமாகக் கீழிறங்கியிருந்தது அது. கறுப்பாக. ஈரமாக. மயிரில்லாத வெறும் தோல். விரல் பருமனில் அதன் நுனி.

நுனி பிள்ளையின் வாயில் இருந்தது.

கன்னங்கள் குழிந்து குழிந்து எழுந்தன. கடைவாயில் பழுப்பாக வழிந்தது. கண்கள் சொக்கியிருந்தன.

மேலே, பலகையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, நூற்றுக்கணக்கான நகங்கள் ஒரே தாளத்தில் மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டிருந்தன, பிள்ளையைத் தூங்கவைப்பதுபோல.